என்னை விட்டுட்டுக் கிளம்பின படகு

பிப்ரவரி 9

தம்பிக்கு,

‘அன்புள்ள’ன்னு ஆரம்பிக்கக் கை வரல. நேரா விஷயத்துக்கு வர்றேன்.

இந்தக் கடிதம் உன் கையில கிடைக்கும்னு எனக்கு நிச்சயமாத் தெரியும். எந்தத் துறைமுகத்துல எத்தனை நாள் நிக்கணும், எங்கே தண்ணி பிடிக்கணும், எந்தக் கரையில எந்த மாசம் அலை நல்லா எழும்பும்னு வரைபடத்துல பென்சிலால கோடு போட்டவ நான்தானே. நீ போறது நான் போட்ட பாதை. பத்தாம் தேதி வாக்குல நீ ரெண்டாவது துறைமுகத்துல இருந்தாகணும். அதான் அந்தத் துறைமுக ஆபீஸ் முகவரிக்கே போடறேன்.

சனிக்கிழமை காலையில ஆறு மணிக்கு நான் படகுத்துறைக்கு வந்தேன். முந்தின ராத்திரி நீ வீட்டுக்கு வராதப்போ, படகுலயே தூங்கறதாத்தான் நெனச்சேன். தோள்ல பை, கையில நானே தச்ச பாய்க்கு ஒட்டுப்போடற துணி. படகு கட்டியிருந்த இடத்துல தண்ணிதான் இருந்துச்சு. வாட்ச்மேன்கிட்ட கேட்டேன். “படகா? நேத்து மத்தியானமே கிளம்பிட்டாங்களேம்மா. உங்க தம்பியும் இன்னொருத்தரும். உங்களுக்குத் தெரியாதா?” அப்படின்னார்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? “தெரியும், மறந்துட்டேன்”னு சொன்னேன். உன் மானத்தைக் காப்பாத்தறதுக்கு நான் பைத்தியக்காரி ஆனேன்.

மூணு வருஷம். ஒரு ஞாயித்துக்கிழமை விடாம அந்தப் பழைய பாய்மரப் படகைச் சுரண்டினோம், ஓட்டை அடைச்சோம். மர வேலை உன்னுது. நீ தச்சன், ஒத்துக்கறேன். பாய் தச்சது யாரு? இன்ஜினைப் பிரிச்சுப் போட்டுத் திரும்பப் பூட்டினது யாரு? காத்து, நீரோட்டம், கலங்கரை விளக்கம்னு ராத்திரி வகுப்புக்குப் போய் பரீட்சை எழுதினது யாரு? உனக்கு அலையில பலகை போட்டு சறுக்கத் தெரியும். அதைத் தவிர கடலைப் பத்தி என்ன தெரியும் உனக்கு?

கண்ணாடிக் கடையில நாலு மாச லீவுக்கு முதலாளி மூக்கால அழுதார், லென்ஸ் தேய்க்க வேற ஆள் இல்லன்னு. எல்லாரும் கையெழுத்துப் போட்டு எனக்கு ஒரு வாழ்த்து அட்டை குடுத்தாங்க. திங்கக்கிழமை அதே கடைக்குத் திரும்பிப் போய் நின்னேன். படகு ரிப்பேர்னு சொல்லியிருக்கேன்.

போன் பண்ணாதே, எடுக்கமாட்டேன். போன்ல நீ குழைவே, நான் இளகிடுவேன். எழுது. எழுதறப்போ பொய் சொல்றது கொஞ்சம் கஷ்டம்.

அக்கா


பிப்ரவரி 17

அன்புள்ள அக்காவுக்கு,

நீ எழுதலைன்னாலும் நான் எழுதறேன், அன்புள்ள.

ஆபீஸ்ல உன் கவரைக் குடுத்தாங்க. படிச்சேன். ரெண்டு தடவை. நீ சொன்னதெல்லாம் சரி. படகுல பாதிக்கு மேல உன் உழைப்புதான்.

நடந்தது என்னன்னா, வெள்ளிக்கிழமை மத்தியானம் காத்து நல்லா சாதகமா திரும்பிடுச்சு. விட்டா இன்னும் ஒரு வாரம் ஆகும்னு தோணுச்சு. உனக்குக் கடையில அன்னிக்குக் கடைசி நாள், கூப்பிட்டா சங்கடமாகும்னு நெனச்சேன். என் சிநேகிதன் மொட்டை சும்மாதான் இருந்தான், “நான் வர்றேன்டா”ன்னான். நாலஞ்சு ஊர் தள்ளி உன்னை பஸ்ல வரச்சொல்லி ஏத்திக்கலாம்னு நெனச்சேன்.

மொட்டை முதல் ரெண்டு நாளும் படகு விளிம்பைக் கட்டிப் பிடிச்சுட்டே வந்தான். சாப்பிட்டது எதுவும் தங்கல. இப்போ தேறிட்டான்.

இந்த ஊர் உனக்குப் பிடிக்கும். ஒரே ஒரு தெரு. கடைக்காரங்க மத்தியானம் கதவைச் சாத்திட்டுத் தூங்கப் போயிடறாங்க. அவசரம்னா கதவைத் தட்டணும்னு சிலேட்டுல எழுதி வெச்சிருக்காங்க, ஆனா யாரும் தட்டறதில்ல. கரையிலிருந்து பத்து நிமிஷம் நடந்தா பாறை முனை. அங்கே அலை இடமிருந்து வலமா நீளமா உருண்டு வருது. ஒரே அலையில நான் எண்பது எண்ணற வரைக்கும் பலகைமேல நின்னேன். கரைக்கு வந்து உன்கிட்ட சொல்லணும்னு திரும்பிப் பாத்தேன். நீ இல்ல.

கோபப்படாதே. வந்து சொல்றேன் எல்லாம்.

தம்பி


பிப்ரவரி 24

தம்பிக்கு,

நான் ராத்திரி வகுப்புல படிச்சது வீண் போகல. நம்ம துறைமுகத்துல ஒவ்வொரு நாளும் காத்து எந்தப் பக்கம், எவ்வளவு வேகம்னு ஒரு பதிவேட்டுல எழுதி வெக்கறாங்க. போய்ப் பாத்தேன். நீ கிளம்பின வெள்ளிக்கிழமை மத்தியானம் எதிர்க்காத்து. சாயங்காலம் வரைக்கும் எதிர்க்காத்து. நான் கிளம்பணும்னு குறிச்சிருந்த சனிக்கிழமை காலையிலதான் காத்து திரும்பியிருக்கு. இன்ஜினைப் போட்டு எதிர்க்காத்துல முட்டிட்டுப் போயிருக்கே. மொட்டைக்கு ஏன் வாந்தி வந்துச்சுன்னு இப்போ புரியுது.

நல்ல காத்தை விட்டுட்டுக் கெட்ட காத்துல ஓடினே. நான் வர்றதுக்குள்ள போயிடணும்னு ஓடினே.

நீ பொய் சொன்னதைவிட, அதை நான் நம்பிடுவேன்னு நெனச்சதுதான் எனக்குப் பொறுக்கல. கடலைப் பத்தி என்கிட்டயே காத்துக் கதை சொல்றே.

அலையில எண்பது எண்ணினதை எனக்கு எழுதாதே. எனக்குத் தேவை ஒரே ஒரு வரி. ஏன்?

அக்கா


மார்ச் 5

அக்கா,

ஏன்னு கேட்டே. சொல்றேன். இதை எழுத நாலு நாளாச்சு.

ஜனவரியில வெள்ளோட்டம் விட்டோமே, ஞாபகம் இருக்கா. திரும்பறப்போ நீ சுக்கான் பிடிச்சிருந்தே. நான் உனக்கு இடது பக்கம், முன்னாடி நின்னுட்டு இருந்தேன். பாய் பக்கம் மாறப்போகுதுன்னு “குனி, குனி”ன்னு கத்தினேன். நீ கடலைப் பாத்துட்டே இருந்தே. பாய்க்குக் கீழ இருக்கிற கட்டை வந்து உன் தோள்ல அடிச்சுது. நீ விழுந்தே. எழுந்து “ஒண்ணுமில்ல, ஓட்டு”ன்னே. தோள்ல பட்டுது, அதனால ஒண்ணுமில்ல. அரை அடி மேல பட்டிருந்தா?

அந்தக் காய்ச்சலுக்கு அப்புறம் உன் இடது காது போனதுல இருந்து நீ அதைப் பத்திப் பேசவே விடல. யாராவது கேட்டா வேற பேச்சுக்குப் போயிடுவே. நானும் பேசல. ஆனா அன்னியிலிருந்து எனக்குத் தூக்கம் வரல. கண்ணை மூடினா அதே காட்சிதான். ஒவ்வொரு தடவையும் அந்தக் கட்டை உன் தலையிலதான் அடிக்கும்.

அம்மாகிட்ட சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. அம்மா என் கையைப் பிடிச்சுட்டு, “அவளைக் கூட்டிட்டுப் போகமாட்டேன்னு சத்தியம் பண்ணு”ன்னாங்க. உன்கிட்ட நேரா சொல்லலாம்னு நூறு தடவை வாயைத் திறந்தேன். நீ பாய்க்கு ஓரம் தச்சுட்டு இருப்பே. ஊசியைப் பல்லுல கடிச்சுட்டு “என்னடா”ம்பே. “ஒண்ணுமில்ல”ன்னு போயிடுவேன்.

நான் கோழைதான். ஆனா உன் நல்லதுக்குத்தான் பண்ணினேன்.

மூணாவது ஊருக்கு வந்துட்டோம். இங்கேதான் இருக்கேன், எழுது.

தம்பி


மார்ச் 12

தம்பிக்கு,

உன் கடிதத்தை எடுத்துட்டு நேரா சமையல்கட்டுக்குப் போனேன். அம்மா பாத்திரம் துடைச்சுட்டு இருந்தாங்க. “சத்தியம் வாங்கினீங்களா?”ன்னு கேட்டேன்.

“ஆமா.” திரும்பிக்கூடப் பாக்கல.

“என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கணும்னு தோணலையா?”

“கேட்டா நீ போவேன்னு சொல்லுவே.”

“அப்போ அவன் மட்டும் போலாமா? அவனுக்கு ஏதாவது ஆனா பரவாயில்லையா?”

“அவனுக்குக் காது கேக்கும்ல”ன்னாங்க.

அவ்வளவுதான். அதைச் சொல்லிட்டுத் தட்டை அடுக்க ஆரம்பிச்சுட்டாங்க. நான் அங்கேயே நின்னேன். எனக்கு முப்பத்தாறு வயசு. இந்த வீட்ல மூணு பேர் இருக்கோம். அதுல ரெண்டு பேர் கூடிப் பேசி மூணாவது ஆளோட வாழ்க்கைக்கு முடிவு எடுத்திருக்கீங்க. ஒரு மாசம் நீங்க ரெண்டு பேரும் என் எதிர்ல உக்காந்து சாப்பிட்டிருக்கீங்க. பயணத்துக்கு என்ன துணி எடுத்துக்கறேன்னு அம்மா கேட்டாங்க. நான் ஒவ்வொண்ணா காட்டினேன். “இது நல்லா இருக்கு, எடுத்துக்கோ”ன்னாங்க.

இப்போ வெள்ளோட்டத்துக்கு வர்றேன். நீ சொன்னதுல ஒண்ணை விட்டுட்டே. பாயோட கயிறு யார் கையில இருந்துச்சு? உன் கையில. பாய் தானா மாறல, நீ அவிழ்த்துவிட்டே. அவிழ்த்துட்டுக் கத்தினே. சுக்கான்ல இருக்கிற ஆள் உன்னைப் பாத்து தலையாட்டின அப்புறம்தான் கயிறைத் தொடணும். காது கேக்கறவங்களுக்கும் இதுதான் விதி, ஏன்னா காத்துல யார் கத்தினாலும் யாருக்கும் சரியாக் கேக்காது. அதுக்குத்தான் நான் கை ஜாடை எழுதி அலமாரிக் கதவுல ஒட்டினேன். கையை உசத்தினா குனி, நெஞ்சுல வெச்சா பொறு. நீ பாத்துட்டு, “என்ன டிராபிக் போலீஸா?”ன்னு சிரிச்சே.

உன் தப்புக்கு என் காதுமேல பழி. அதுக்கு அம்மாவோட ஆசீர்வாதம் வேற.

“உன் நல்லதுக்கு”ன்னு இனிமே எழுதினா அந்தக் கடிதத்தைப் பிரிக்காமலே திருப்பி அனுப்புவேன்.

அக்கா


மார்ச் 29

அக்கா,

படகு அடிபட்டுடுச்சு. ஆளுங்களுக்கு ஒண்ணுமில்ல. முதல்ல அதைச் சொல்லிடறேன்.

நாலாவது இடத்துல, நீ வரைபடத்துல ‘அலை அருமை, நங்கூரம் நம்பாதே’ன்னு எழுதியிருந்தியே, அங்கேதான். எழுத்தைப் படிச்சேன். படிச்சுட்டும் நங்கூரம் போட்டேன். காலையில கடல் கண்ணாடி மாதிரி இருந்துச்சு. வெளியில மட்டும் அலை அழகா எழும்பி வந்துட்டு இருந்துச்சு. மொட்டையும் பலகை எடுத்துட்டு வர்றேன்னான். ரெண்டு பேரும் இறங்கிட்டோம். படகுல யாருமில்ல.

ஒரு மணி நேரம் இருக்கும். அலை உச்சியில இருந்து திரும்பிப் பாத்தேன். படகு இருக்கவேண்டிய இடத்துல இல்ல. நங்கூரம் மணல்ல பிடி விட்டு, படகு அது பாட்டுக்குப் பின்பக்கமா நடந்து போயிட்டு இருக்கு, பாறைப் பக்கம். பலகைமேல படுத்து கையாலயே துடுப்புப் போட்டேன், கை ரெண்டும் மரத்துப் போற வரைக்கும். எட்ட முடியல. படகோட பின்பக்கம் பாறையில மோதின சத்தம் எனக்குக் கேட்டுச்சு. நல்லாக் கேட்டுச்சு, அக்கா.

சுக்கான் பலகை ரெண்டாப் பொளந்துடுச்சு. அது மாட்டியிருந்த இரும்புக் கொக்கி வளைஞ்சு, பின்பக்கம் ஒரு கை நுழையற அளவு ஓட்டை. சரக்குப் படகு ஒண்ணு அந்தப் பக்கம் வந்து இழுத்துட்டு வந்துச்சு. அதோட ஓட்டுநர், “படகுல ஒரு ஆள்கூட விடாம ரெண்டு பேரும் இறங்குவாங்களா?”ன்னு கேட்டார்.

மொட்டை மறுநாளே பஸ் ஏறிட்டான். அவனைக் குத்தம் சொல்லல.

இப்போ ஒரு படகுத் தளத்துல இருக்கேன். படகை மேல தூக்கி முட்டுக் குடுத்து வெச்சிருக்காங்க. தளத்தை நடத்தறவங்க வெல்டிங் பண்ற ஒரு அக்கா. ஐம்பது வயசு இருக்கும். இரும்பு வேலை அவங்க பாத்துப்பாங்க, மர வேலை நான் பாத்துப்பேன். ஆனா இன்ஜின்ல தண்ணி போயிடுச்சு. பாயும் கிழிஞ்சிருக்கு. எனக்கு ரெண்டும் தெரியாது.

வரமுடியுமா?

தம்பி


ஏப்ரல் 3

தம்பிக்கு,

தோள்ல அடிபட்டவ வேண்டாம். இன்ஜின் பிரிக்க, பாய் தைக்க ஆள் வேணும்னா அக்கா ஞாபகம் வருது. இதை எழுதறப்போ பேனா முனை பேப்பரைக் கிழிக்குது, பாத்துக்கோ.

நான் படகுல இருந்திருந்தா என்ன பண்ணியிருப்பேன்? நீ ஆடப் போயிருப்பே. நான் காவலுக்கு உக்காந்து கரையில ரெண்டு மரத்தைக் குறி வெச்சுப் பாத்துட்டே இருந்திருப்பேன். நங்கூரம் நகர்றதைக் கண்டுபிடிக்கக் கண்ணு போதும். எனக்குக் கண்ணு ரெண்டும் நல்லா இருக்கு.

வர்றேன். நீ கூப்பிட்டதுக்காக வரல. அந்தப் படகு ரெண்டு பேர் பேர்லயும் பதிவாகியிருக்கு, என்னோட பாதி ஓட்டையோட தொங்குது. அதுக்காக வர்றேன். அம்மாகிட்ட நான் சொல்லிட்டேன். சத்தமா, முகத்தைப் பாத்து.

வெள்ளிக்கிழமை பஸ். ஸ்டாண்டுக்கு வரவேண்டாம்.

அக்கா


ஏப்ரல் 22

அக்கா,

வீட்டுக்கு வந்து சேந்துட்டேன். இந்தத் தடவை ‘அன்புள்ள’ எனக்கும் வரல.

பதினாலு நாள் ஒரே தளத்துல வேலை பாத்தோம். அதுல நீ என்கிட்ட பேசின வார்த்தையெல்லாம் எண்ணிடலாம். “அந்தத் திருப்புளியை எடு.” “பசை காஞ்சுதா?” “தள்ளு.” நான் வாய் திறந்தாலே மெஷினை ஆன் பண்ணிடுவே. சரி, பட்டுத்தான் ஆகணும்னு இருந்தேன். சுக்கான் பலகையை நான் எவ்வளவு ஆசையா இழைச்சேன்னு வெல்டர் அக்காவுக்குத் தெரியும். அவங்க கூட தடவிப் பாத்துட்டு, “கை சுத்தமான வேலை”ன்னாங்க. நீ ஒண்ணும் சொல்லல.

தண்ணியில இறக்கின அன்னிக்கு எல்லார் முன்னாடியும், “நீ வீட்டுக்குப் போ. அம்மா தனியா இருக்காங்க. மிச்சப் பயணம் நானும் வெல்டர் அக்காவும் பாத்துக்கறோம்”னே. எனக்கு எப்படி இருந்திருக்கும்? ஒரு தச்சனை வேலை முடிஞ்சதும் கூலி குடுத்து அனுப்பற மாதிரி. என் சறுக்குப் பலகையைக்கூட நீ இறக்கிக் கரையில வெச்சுட்டே. படகு முனையைத் தாண்டி மறையற வரைக்கும் நின்னு பாத்தேன். நீ திரும்பிப் பாக்கல.

அம்மாகிட்ட வந்து சத்தியத்தை உடைச்சுட்டேன்னு சொன்னேன். “நீ எங்கடா உடைச்சே, அவதானே போனா”ன்னாங்க. கொஞ்ச நேரம் கழிச்சு, “நான் அன்னிக்கு அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. அவ முகம் செத்துப் போச்சு”ன்னாங்க. எதைச் சொல்றாங்கன்னு எனக்குத் தெரிஞ்சுது. நீங்களே எழுதுங்கன்னேன். கண்ணு தெரியலைன்னு சாக்கு சொல்றாங்க. அவங்க கண்ணாடியைத் தேச்சுக் குடுத்ததே நீதான்.

நீயும் என்னை விட்டுட்டுத்தான் போனே, அக்கா. அதை மட்டும் சொல்லிக்கறேன்.

தம்பி


மே 6

தம்பிக்கு,

ஆமா, விட்டுட்டுப் போனேன். பகல்ல, உன் முகத்தைப் பாத்து, ஏன்னு சொல்லிட்டு விட்டுட்டுப் போனேன். உனக்குக் கோபம் வந்துச்சு, நீ கத்தினே, வெல்டர் அக்கா காதைப் பொத்திக்கிட்டாங்க. அப்படிக் கத்தறதுக்கு எனக்கு ஒரு ஆள் கிடைக்கல. ஒரு வாட்ச்மேன்தான் கிடைச்சார். ரெண்டையும் ஒரே தராசுல வெக்காதே.

சுக்கானைப் பத்தி. ரெண்டு வாரமா அதை என் கை பிடிச்சிருக்கு. விரல் சொன்ன பக்கம் படகு திரும்புது. இதுக்கு மேல எழுதமாட்டேன்.

இன்னொண்ணு சொல்லணும். சொல்லாம இருந்தா நானும் உங்க ரெண்டு பேர் மாதிரி ஆயிடுவேன்.

போன செவ்வாய் காலையில ஆறாவது ஊருக்கு வர்ற வழியில பனிமூட்டம். படகோட முனையே தெரியல. வெல்டர் அக்கா கீழ டீ போட்டுட்டு இருந்தாங்க. ஒரு கப்பல் ஊதினது எனக்குக் கேட்டுச்சு. வலது காதுல நல்லாக் கேட்டுச்சு. ஆனா எந்தப் பக்கத்துல இருந்து வருதுன்னு தெரியல. ஒத்தைக் காதுக்கு சத்தம் கேக்கும், திசை தெரியாது. டாக்டர் ரெண்டு வருஷம் முன்னாடியே சொன்னார். வீட்ல யார்கிட்டயும் நான் சொல்லல. இடது பக்கமா, வலது பக்கமா? தலையைத் திருப்பித் திருப்பிப் பாத்தேன். எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி ஊதுது. தரையை மூணு தடவை காலால உதைச்சேன், அதுதான் எங்க ஜாடை. வெல்டர் அக்கா டம்ளரைப் போட்டுட்டு மேல ஓடி வந்தாங்க. கேட்டுட்டு, கையை நீட்டி இடது பக்கம் காட்டினாங்க. நான் வலது பக்கம் ஒதுக்கினேன். கப்பல் போனதைக் கண்ணால பாக்கவே இல்ல. அது கிளப்பின அலைதான் வந்து படகைத் தூக்கிப் போட்டுச்சு.

அதனால கேட்டுக்கோ. நீ பயந்ததுல தப்பில்ல. பயப்படவேண்டிய விஷயம்தான் அது. நானும் அதை மூடி மூடி வெச்சேன், யாரையும் பேச விடல. அது என் தப்பு, ஒத்துக்கறேன். ஆனா அந்தப் பயத்தை நீ என்கிட்ட கொண்டு வந்திருக்கணும். நீ அம்மாகிட்ட கொண்டு போனே. ரெண்டு பேரும் அதை வெச்சு என்னைக் கரையில கட்டிட்டீங்க. பனியில யார் கையைக் காட்டணும், யார் சுக்கானைப் பிடிக்கணும்னு உக்காந்து பேசியிருந்தா பத்து நிமிஷத்துல முடிஞ்சிருக்கும். பத்து நிமிஷப் பேச்சுக்குப் பயந்து எதிர்க்காத்துல ஓடியிருக்கே, முட்டாள்.

அம்மாவுக்குக் கண்ணு நல்லாத் தெரியும். ஒரு வரி எழுதச் சொல்லு. பதில் போடறேன். அவங்க எழுதற வரைக்கும் நான் எழுதமாட்டேன்.

இந்த ஊர்ல கடற்கரை அரை வட்டமா இருக்கு. ஊர்ல பாதிப் பேர் காலையில பலகையோட நடந்து போறாங்க, மத்தியானம் ஈரத் தலையோட டீக்கடையில உக்காந்திருக்காங்க. யாருக்கும் ஒரு அவசரமும் இல்ல. நேத்து நான் நூறு ரூபாய் வாடகைக்கு ஒரு பலகை எடுத்துட்டு இறங்கினேன். பதினேழு தடவை விழுந்தேன். பதினெட்டாவது தடவை மூணு எண்ணற வரைக்கும் நின்னேன். நீ எண்பது நின்னேன்னு எழுதினது நிச்சயம் பொய்.

வெல்டர் அக்காவுக்குத் தளத்துல வேலை வந்துடுச்சு. பதினஞ்சாம் தேதி கிளம்பறாங்க. மிச்சம் நாலு ஊர் இருக்கு. பனிமூட்டத்துல திசை சொல்ல ஒரு ஆள் வேணும். ரெண்டு காதும் கேக்கணும், கயிறைத் தொடறதுக்கு முன்னாடி என் முகத்தைப் பாக்கணும், வேற தகுதி வேண்டாம்.

மன்னிச்சுட்டேன்னு நெனச்சுட்டு பஸ் ஏறாதே. ஒரு நாளைக்கு ஒரு தடவையாவது திட்டுவேன். அதுக்குச் சம்மதம்னா பதினாலாம் தேதிக்குள்ள வா. இல்லன்னா வரலைன்னு எழுது. எதுவானாலும் எனக்குச் சொல்லிட்டுச் செய்.

அக்கா